நடையை வாயில் தேடாதீர்கள்

முழங்கால் மூட்டு மாற்றி நாலைந்து மாதமான பிறகும் ஒருவர் சாய்ந்து நடந்தால், "தாடையைக் காட்டினீங்களோ?" என்று கேட்பது பாரிஸ் பகுதித் தமிழரான எங்கள் மத்தியில் வழக்கமாகி வருகிறது. லாசப்பல் கடைகளில் முருங்கைக்காய் தெரிந்துகொண்டே கேட்கிறார்கள். கோயில் வாசலில் கேட்கிறார்கள். வட்ஸ்அப் குரல் செய்தியாகவும் யூரியூப் காணொளியாகவும் அதே பேச்சு பியர்ஃபித்-சூர்-செய்ன் அடுக்குமாடி வீடுகளுக்குள் வந்து சேர்கிறது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்தாவிட்டால் தாடை ஒரு பக்கம் இழுபடும், தாடை இழுபட்டால் கழுத்து சாயும், கழுத்து சாய்ந்தால் இடுப்பு திரும்பும், இடுப்பு திரும்பினால் ஒரு கால் கட்டையாகும். ஆகவே முதலில் பல்லுக்குத் தகடு போட்டுத் தாடையை நேராக்கினால் நடை தானாக நேராகும் என்கிறார்கள். கேட்கக் கோர்வையாகத்தான் இருக்கிறது.

ஆனால் அது பிழை. வெறும் பிழை என்றால் சொல்கிறவர் சொல்லட்டும் என்று விட்டுவிடலாம். இந்தப் பிழை சத்திரசிகிச்சைக்குப் பிந்திய முதல் மாதங்களைத் தின்றுவிடுகிறது. அந்த மாதங்களில் தினமும் அரைமணி நேரம் உழைத்தால் கிடைப்பதை, பிறகு பெரும்பாடு பட்டுத்தான் பெற வேண்டியிருக்கும். மருத்துவமனைக்கும் கினே எனப்படும் இயன்மருத்துவரிடமும் மொழிபெயர்க்கப் போய் உட்கார்ந்திருக்கும் பலரில் நானும் ஒருத்தி. அங்கே பார்ப்பதையும் மருத்துவம் அளந்து சொல்லியிருப்பதையும் வைத்து இந்தக் கருத்தை மறுக்க விரும்புகிறேன்.

முதலில், நடை எங்கே தொலைகிறது என்று பார்ப்போம். முழங்காலைத் திறந்து, தேய்ந்த எலும்பு முனைகளை வெட்டி, உலோகமும் பொலித்தீனும் பொருத்தி மூடிய பிறகு, தொடையின் முன்பக்கத் தசை திடீரென்று சொல்வழி கேட்காமல் போகிறது. படுக்கையில் இருந்தபடி காலை நேராக உயர்த்தச் சொன்னால் முடியாது. தசையை யாரும் அறுத்துப் போடவில்லை, அது அங்கேயேதான் இருக்கிறது. மூட்டு வீங்கி அதற்குள் நீர் நின்றால், மூட்டிலிருந்து போகும் நரம்புச் செய்தி முள்ளந்தண்டு வழியாக அந்தத் தசைக்கான கட்டளையையே அடக்கிவிடும். இதை நலமான மனிதர்களிலேயே சோதித்திருக்கிறார்கள். நோயில்லாத முழங்காலுக்குள் 20 முதல் 30 மில்லிலீற்றர் உப்புநீரை ஏற்றினாலே, அதாவது இரண்டு மேசைக்கரண்டிக்கு மிகாத நீருக்கே, தொடையின் உட்பக்கத் தசை அடங்கத் தொடங்குகிறது என்று 1984-இல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டு கரண்டி நீருக்கே இப்படியென்றால், சத்திரசிகிச்சைக்குப் பிந்திய வீக்கத்துக்கு எப்படி இருக்கும்? மூட்டு மாற்றி ஒரு மாதத்தில் அந்தத் தசையின் வலு, சத்திரசிகிச்சைக்கு முன்பிருந்ததில் பாதிக்கு மேல் குறைந்துவிடுகிறது. அதற்கு முன்பே வருடக்கணக்கான வலியால் அது இளைத்துப் போயிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அந்தத் தசை வேலை செய்யாதபோது ஒருவர் எப்படி நடப்பார்? குதிக்கால் தரையில் பட்டதும் முழங்கால் சற்று மடிந்து உடல் பாரத்தை வாங்க வேண்டும். தசை தாங்காது என்று உடம்புக்குத் தெரியும். ஆகவே முழங்காலைக் கம்பு மாதிரி விறைப்பாக வைத்து, பாதத்தைத் தட்டையாகப் பதித்து, மேலுடலை முன்னுக்குச் சாய்த்து, மற்றக் காலுக்கு விரைவாகத் தாவிவிடுவார். பார்க்கிறவருக்கு அவர் கோணி நடக்கிறார். அந்தக் கோணலின் விளக்கம் முழுவதும் தொடையில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள வாயைத் திறந்து பார்க்கத் தேவையில்லை.

இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்குக் கதை வேறு. அங்கே இடுப்பின் வெளிப்பக்கத் தசை சோர்ந்து போகிறது. சில சத்திரசிகிச்சை வழிகள் அந்தத் தசையின் ஊடாகவே போகின்றன. ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில் இடுப்பைச் சரியாமல் பிடித்து வைப்பது அதுதான். அது பிடிக்காவிட்டால் மறுபக்க இடுப்பு இறங்கும். அதை ஈடுகட்ட மேலுடல் சத்திரசிகிச்சை செய்த பக்கம் ஊசலாடும். ஜெர்மானியச் சத்திரசிகிச்சை நிபுணர் ஃபிரீட்ரிக் திரெண்டலன்பேர்க் 1895-இலேயே இதை விவரித்தார். இன்றைக்கும் எந்தக் கினேயும் நோயாளியை ஒற்றைக் காலில் நிறுத்திப் பார்ப்பது அவர் வழியில்தான். நூற்றுமுப்பது வருடமாகக் கண்முன் நிற்கும் காரணத்தை விட்டுவிட்டு ஏன் கடைவாய்ப் பல்லுக்குப் போகவேண்டும்?

தாடைக்காரர்கள் சொல்லும் அந்தத் தொடரை நான் முற்றாகத் தள்ளவில்லை. திசைதான் தலைகீழ் என்கிறேன். மூட்டு மாற்றியவரின் முழங்கால் கடைசிப் பத்துப் பதினைந்து பாகை நீளாமல் நின்றுவிட்டால் அந்தக் கால் நடைமுறையில் கட்டையாகிவிடும். இடுப்பு அந்தப் பக்கம் இறங்கும். முதுகு அதற்கேற்ப வளையும், தோள் ஒன்று உயரும், கண்கள் நேராகப் பார்க்க வேண்டுமே என்று தலை மறுபக்கம் திரும்பும். அப்படி நிற்பவரைப் படம் எடுத்துப் பார்த்தால் தாடையும் கோணலாகத்தான் தெரியும். அந்தப் படத்தில் கோடு கீறி, இதோ தாடை சரிந்திருக்கிறது, இதுதான் மூலகாரணம் என்று காட்டுபவர், விளைவைக் காரணமாக்குகிறார். குடம் உருண்டு சிந்திய நெல்லுக்குக் குடத்தைப் பார்க்காமல் நெல்லைக் குற்றம் சொல்வது போன்றது அது. முழங்கால் முழுக்க நீண்ட பிறகு அதே ஆளை மீண்டும் படம் எடுக்கட்டும்.

இந்தக் கருத்துக்குப் பிரான்சில் ஒரு மரியாதையான வேரும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. நிற்கும் மனிதர் எவ்வளவு ஆடுகிறார் என்பதைத் தளமேடையில் ஏற்றி அளக்கும் முறையைப் பியர்-மரி கஜே போன்ற மருத்துவர்கள் இங்கே வளர்த்தார்கள். 1985-இல் அதற்கான நியமங்களும் வகுக்கப்பட்டன. கண், உட்செவி, பாதம், மூட்டுகள் என்று பல இடங்களிலிருந்து வரும் செய்திகளை மூளை சேர்த்துத்தான் நம்மை நிமிர்த்தி வைக்கிறது என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. அந்த அளவீட்டு முறை மதிக்கத்தக்கது. அதிலிருந்து, பல்கடியைத் திருத்தினால் முழங்கால் நோயாளியின் நடை திருந்தும் என்பதற்குத் தாவுகிற இடத்தில்தான் ஆதாரம் அற்றுப்போகிறது. தளமேடையில் பல்லைக் கடித்தும் கடிக்காமலும் நிற்கும்போது வரும் வித்தியாசம் மிகச் சின்னது. ஆய்வுக்கு ஆய்வு மாறுவது. கண்ணை மூடினாலோ அதைவிடப் பெரிய ஆட்டம் வரும். பல்கடிக்கும் உடல் நிலைக்கும் உள்ள தொடர்பு பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த மீளாய்வுகள், உடல் நிலையைத் திருத்துவதற்காகப் பல்கடியில் கை வைக்க ஆதாரமில்லை என்றே முடித்திருக்கின்றன.

நேரடியாகவே கேட்டுப் பார்த்தவர்களும் உண்டு. தாடையின் ஒரு பக்கத்தில் பற்கள் குறுக்காகக் கடிக்கும் நிலை இருந்தால் கால்களின் நீளம் வேறுபடுமா? இத்தாலியின் நேப்பிள்ஸில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதின்வயதினரைப் பரிசோதித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டுக்கும் தொடர்பைக் காணவில்லை. தாடை கோணினால் கால் கட்டையாகும் என்ற பேச்சுக்கு இதைவிட நேரான பதில் இருக்க முடியாது. வளரும் பிள்ளைகளிலேயே தெரியாத தொடர்பு, எழுபது வயதில் உலோக மூட்டு வைத்தவரிடம் எங்கிருந்து வரும்?

எதிர்த்தரப்பின் கையிலுள்ள மிக நல்ல சான்றையும் நானே எடுத்து வைக்கிறேன். பல்லை இறுக்கிக் கடித்தால் முழங்காலின் உதறல் கூடும், இது உண்மை. முழங்கால் சில்லுக்குக் கீழே மருத்துவர் சுத்தியலால் தட்டும்போது கால் உதறாவிட்டால், இரண்டு கை விரல்களையும் கோத்து இழுக்கச் சொல்வார், அல்லது பல்லைக் கடிக்கச் சொல்வார். உடனே கால் உதறும். ஹங்கேரிய மருத்துவர் யென்றாசிக் 1880களில் சொல்லித்தந்த உத்தி இது. தாடைத் தசையின் முயற்சி முள்ளந்தண்டின் அடிவரை எட்டுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். ஆனால் என்ன காட்டுகிறது இது? முஷ்டியை இறுக்கினாலும் அதே விளைவு வரும். இறுக்கத்தை விட்டதும் அது மறைந்துவிடும். எந்தப் பல் எந்தப் பல்லோடு பொருந்துகிறது என்பதற்கு அதில் பங்கே இல்லை. பாரம் தூக்கும்போது எல்லோரும் பல்லைக் கடிக்கிறோம்; அதனால் பல் வைத்தியர் நம்மைப் பலசாலியாக்குவார் என்று எவரும் நினைப்பதில்லை. தொடர்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு நிற்கக் கூடாது. எவ்வளவு பெரிய தொடர்பு, எவ்வளவு நேரம் நிற்கும், அதைப் பிடித்து இழுத்தால் நடை மாறுமா என்று கேட்க வேண்டும். உடம்பில் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்ததுதான். இணைந்த எல்லாவற்றையும் திருத்த வேண்டுமென்றால் எதையும் திருத்தி முடிக்க மாட்டோம்.

பிறகு, தாடைக்காரர்கள் நடத்தும் அந்தச் செய்துகாட்டல். நோயாளியை நிறுத்திக் கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்கிறார்கள். அழுத்துகிறார்கள், கை இறங்குகிறது. பற்களுக்கிடையே பஞ்சுருளை வைத்துவிட்டு மீண்டும் அழுத்துகிறார்கள், கை இறங்காமல் நிற்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும் மகன் வியந்துபோகிறான். இதன் ஊற்று 1964-இல் அமெரிக்காவின் டெட்ரொயிட்டில் ஜோர்ஜ் குட்ஹார்ட் என்ற முதுகெலும்புச் சிகிச்சையாளர் தொடங்கிவைத்த தசைச் சோதனை. அழுத்துபவருக்கும் நோயாளிக்கும் எது எப்போது வைக்கப்பட்டது என்று தெரியாமல் மறைத்துச் செய்த சோதனைகளில் அது குருட்டுவாக்கில் சொல்வதைவிட மேலாக நிற்கவில்லை. இரண்டாம் முறை அழுத்தம் வரப்போகிறது என்று தெரிந்தால் எவருடைய தோளும் முன்கூட்டியே இறுகும். கண்ணை மூடிக்கொண்டு நின்ற இடத்தில் காலடி வைக்கச் சொல்லும் சோதனையும் அப்படித்தான். ஜப்பானியச் செவி மருத்துவர் ஃபுகுடா அதை உட்செவிக் கோளாறு அறியக் கொண்டுவந்தார். நலமானவர்களும் அதில் ஒரு பக்கம் திரும்புவார்கள். அதே ஆள் மறுநாள் வேறு மாதிரித் திரும்புவார். அதை வைத்துப் பல்லில் தகடு போட முடிவெடுப்பது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

"எங்கட மாமிக்குச் சரியாச்சுதே" என்பார்கள். சரியாகியிருக்கும், நம்புகிறேன். மூட்டு மாற்றியவர்கள் முதல் மூன்று மாதம் விரைவாகத் தேறுகிறார்கள். அதன்பின் மெதுவாக, ஒரு வருடம் வரையிலும் அதற்கு மேலும் தேறிக்கொண்டே இருக்கிறார்கள். வீக்கம் வற்ற, தசை விழித்துக்கொள்ள, பயம் தெளிய அவ்வளவு காலம் எடுக்கும். நாலாம் மாதம் மனம் சோர்ந்து தாடைக்குத் தகடு போட்டவர் ஏழாம் மாதம் நன்றாக நடக்கத்தான் செய்வார். போடாதவரும் நடப்பார். பெயர் தகட்டுக்குப் போகிறது.

சத்திரசிகிச்சைக்கு முன் ஏன் பல் வைத்தியரிடம் அனுப்புகிறார்கள், மயக்க மருந்து டொக்டர் ஏன் வாயைத் திறக்கச் சொல்கிறார் என்ற கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. காலுக்கும் வாய்க்கும் தொடர்பு இருப்பதை வைத்தியர்களே ஒத்துக்கொள்கிறார்கள் என்று இதைக் காட்டி வாதிடுகிறார்கள். நியாயமான குழப்பம்தான், மருத்துவமனையில் எவரும் எங்கள் மொழியில் காரணம் சொல்வதில்லை. பல்லின் வேரில் சீழ் இருந்தால் அங்குள்ள கிருமி இரத்தத்தில் ஏறிப் புதிய மூட்டில் குடியேறலாம். உலோகத்தின் மேல் படலமாகப் படிந்த கிருமியை மருந்தால் மட்டும் அழிப்பது மிகக் கடினம், சில வேளை மூட்டையே கழற்ற வேண்டி வரும். அதற்காகவே பல் பரிசோதனை. மயக்க மருந்து டொக்டர் பார்ப்பது தொண்டையை. தேவைப்பட்டால் சுவாசக் குழாயை எளிதாக இறக்க முடியுமா என்று கணிக்கிறார். அந்தக் கணிப்பு முறையை 1985-இல் வகுத்தவர் ஆந்திராவில் பிறந்து அமெரிக்கா சென்ற மல்லம்பட்டி. அவர் பெயரிலேயே அது உலகமெங்கும் வழங்குகிறது. இந்த இரண்டு காரணங்களிலும் தாடை நேராக இருக்கிறதா என்ற கேள்விக்கு இடமில்லை.

வாய்க்கும் நடைக்கும் உண்மையில் ஒரு தொடர்பு உண்டு. தாடை பற்றிப் பேசும் எவரும் அதைத் தொடுவதில்லை என்பதுதான் எனக்கு மிகப் பெரிய ஆதங்கம். அது மெல்லுதல். எங்கள் முதியவர்களில் பலருக்குக் கடைவாய்ப் பற்கள் இல்லை. கட்டுப்பல் இருந்தாலும் பொருந்தாமல் குத்துகிறது என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள். சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தால் குழைந்த சோறு, ரசம், கஞ்சி, பால் தேத்தண்ணி, தொட்டுக்கொள்ளப் பிஸ்கட். சத்திரசிகிச்சைக் காயம் ஆற மச்சம் ஆகாது என்று சிலர் மீனையும் முட்டையையும் நிறுத்திவிடுகிறார்கள். இளைத்த தசையை மீண்டும் கட்ட உடம்புக்குப் புரதம் வேண்டும். நோயிலிருந்து தேறும் முதியவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தேவை என்பது முதியோர் ஊட்டம் பற்றிய நிபுணர் குழுக்களின் கணிப்பு. அறுபது கிலோ எடையுள்ள அம்மாவுக்கு அது 72 முதல் 90 கிராம். ஒரு கோப்பைச் சோற்றில் இருப்பது நாலைந்து கிராம்தான். முட்டை ஒன்றில் ஆறு கிராம், நூறு கிராம் மீனில் ஏறக்குறைய இருபது. கணக்கைப் போட்டுப் பாருங்கள், கஞ்சியால் அந்தத் தொடை எப்படித் திரளும்? சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கூட்ட வேண்டும். மற்றவர்களுக்குப் பயம் வேண்டாம். மீனை முள் எடுத்து மசித்துக் கொடுக்கலாம், பருப்பைத் தடிப்பாக வைக்கலாம், தயிர் கொடுக்கலாம், முட்டையை மா போல் அடித்து அவிக்கலாம்.

ஆகவே பல் வைத்தியரிடம் போகத்தான் வேண்டும், மெல்லக்கூடிய பல் செய்துகொள்வதற்காக. பிரான்சில் 2021 முதல் கழற்றிப் பூட்டும் கட்டுப்பல்லில் ஒரு வகையை, சமூகக் காப்புறுதியும் முத்துவெல் எனப்படும் உரிய மேலதிகக் காப்புறுதியும் சேர்ந்து முழுமையாகப் பொறுப்பேற்கின்றன. கையிலிருந்து ஒரு சதமும் போகாமல் பல் கட்டிக்கொள்ள வழியிருக்கையில், அதே வாய்க்குள் நூற்றுக்கணக்கான யூரோக்களுக்குத் தகடு வைத்துக்கொண்டு கஞ்சி குடிக்கும் நிலை எங்கள் முதியவர்களுக்கு ஏன் வரவேண்டும்?

தகட்டைக் கழற்றி வைத்துவிடலாம். சிலர் அதற்கும் மேலே போய், கடியைச் சமப்படுத்துகிறோம் என்று நல்ல பல்லை அராவுகிறார்கள். அராவிய பல் வளராது. தாடை மூட்டிலேயே வலி உள்ளவர்களுக்குக்கூடப் பல்லையும் கடியையும் நிரந்தரமாக மாற்றும் சிகிச்சைகளைத் தவிர்க்கும்படி அமெரிக்கத் தேசியப் பல், முக ஆராய்ச்சி நிறுவனம் மக்களுக்கு அறிவுறுத்துகிறது. தாடையில் வலியே இல்லாத ஒருவரின் பல்லை அவருடைய முழங்காலுக்காக அராவுவதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

இனி வீட்டுக்குள் வருவோம், ஏனென்றால் தாடைக்கு ஓடும் அவசரத்தின் பின்னால் வீட்டில் நடக்காத வேலை இருக்கிறது. மகள் அன்போடு முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்கிறாள். சுகமாகத்தான் இருக்கும். மணிக்கணக்காக அப்படியே கிடந்தால் முழங்கால் மடிந்த நிலையில் இறுகிவிடும். முன்னே சொன்ன, நீளாமல் நிற்கும் அந்தப் பத்துப் பதினைந்து பாகை பிறப்பது பல வீடுகளில் அந்தத் தலையணையில்தான். துவாயைச் சுருட்டிக் குதிக்காலுக்குக் கீழே வைத்து, முழங்காலைப் படுக்கையை நோக்கி அழுத்தச் சொல்ல வேண்டும். வலிக்கும். வலிக்கான குளிசையை நேரத்துக்கு எடுத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

கைத்தடியும் அப்படித்தான். நோகிற காலின் பக்கமே தடியைப் பிடிக்கும் பழக்கம் எங்களிடம் ஆழமாக இருக்கிறது. மறு கையில் பிடிக்க வேண்டும். அப்போது தடியில் கொடுக்கும் சிறிய அழுத்தமே இடுப்பு மூட்டின் பாரத்தைப் பெரிதாகக் குறைக்கிறது, மேலுடல் ஊசலாட்டமும் அடங்குகிறது. அமெரிக்க எலும்பு மருத்துவர் வால்டர் பிளவுண்ட் 1956-இல் கைத்தடிக்காக வாதாடி ஒரு கட்டுரையே எழுதினார். கைத்தடி வெட்கப்படும் பொருளாகிவிட்டதே என்ற கவலை அவருக்கு. எங்கள் அம்மாக்களும் கலியாண வீட்டுக்குத் தடியை விட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். தடியை மற்றக் கைக்கு மாற்றியதும் அந்த நிமிடமே நடை நேராவதை எவரும் கண்ணால் பார்க்கலாம்.

கினே விடயத்தில் நாங்கள் ஏமாந்துவிடுகிறோம். முழங்கால் மூட்டு மாற்றியவருக்கு இருபத்தைந்து அமர்வுகள் வரையும் இடுப்புக்குப் பதினைந்து வரையும் முன் அனுமதி கேட்காமலேயே காப்புறுதி ஏற்கிறது. அதற்கு மேல் தேவையென்றால் காரணம் எழுதிக் கேட்கலாம். அந்த அமர்வுகளுக்குப் போய்வருவதே சிகிச்சை என்று நினைத்துவிடுகிறோம். வாரத்தில் இரண்டு மூன்று முறை அரைமணி நேரம் கினேயிடம் கற்பது மிச்ச நாட்களில் வீட்டில் செய்வதற்காக. கினே பிரெஞ்சில் சொல்கிறார். அம்மா தலையை ஆட்டுகிறார். வாசலில் கார் வைத்துக் காத்திருந்த மகன் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறான். என்ன சொன்னார்கள் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மூன்று மாதம் கழித்து, "கினே ஒண்டும் செய்யேல்லை, தாடையைப் பாப்பம்" என்ற முடிவுக்கு வருகிறார்கள். இது அந்த அம்மாவின் பிழையல்ல. மொழி தெரியாதவருக்கு மறுவாழ்வுச் சிகிச்சை பாதிதான் கிடைக்கிறது என்பதை இந்த நாடும் நாங்களும் சேர்ந்தே ஒத்துக்கொள்ள வேண்டும்.

எதைக் குறிக்கோளாக வைப்பது என்பதும் சொல்லப்படுவதில்லை. சமதரையில் நடக்க முழங்கால் ஏறக்குறைய 65 முதல் 70 பாகை மடிய வேண்டும். படியேற 83, இறங்க 90, கதிரையிலிருந்து எழும்ப 93 பாகையளவில் என்று 1970களிலேயே அளந்திருக்கிறார்கள். பியர்ஃபித்–ஸ்தான் நிலையத்தில் ஆர்.ஈ.ஆர். டி ஏறி, கார் து நோர்டில் இறங்கி, லாசப்பலுக்கு நடந்து, சாமான் பையோடு திரும்பி, மாடிப்படி ஏறி வீட்டுக்குள் நுழைய ஒருவருக்கு எவ்வளவு மடக்கம், எவ்வளவு தொடை வலு, எவ்வளவு மூச்சு வேண்டும் என்று கினேயோடு உட்கார்ந்து கணக்கிடலாம். ஆவணி கடைசியில் மாணிக்க விநாயகர் ஆலயத் தேரின் பின்னால் நடக்க வேண்டும் என்பது ஓர் அம்மாவின் ஆசையென்றால், அதையே குறிக்கோளாகச் சொல்லுங்கள். கினேக்கள் அப்படிப்பட்ட குறிக்கோளை விரும்புவார்கள். முன்னேற்றத்தை அளக்க எளிய வழியும் உண்டு. கதிரையிலிருந்து எழுந்து, மூன்று மீற்றர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி? 1991 முதல் உலகமெங்கும் பயன்படும் சோதனை இது. வீட்டுக் கூடத்தில் கைத்தொலைபேசியின் கடிகாரத்தை வைத்தே செய்யலாம். தாடைத் தகடு போடுபவர்களிடம் இந்த ஓர் அளவைப் போடுவதற்கு முன்னும் பின்னும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

நடையைத் திரும்பப் பெறுவது எங்களுக்குப் புதிய கல்வியும் அல்ல. மிதிவெடியில் காலை இழந்தவர்களை நடக்க வைத்த சமூகம் இது. 1980களின் இறுதியிலிருந்து யாழ்ப்பாணத்தில் இயங்கிவரும் ஜெய்ப்பூர் நிலையத்தில், கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய அந்த இறப்பர்ப் பாதத்தை அணிந்து, இரு கம்பிகளுக்கிடையே அடி வைத்து, விழுந்து, எழுந்து நடை பழகிய எத்தனை பேர்! பாரத்தைச் செயற்கைக் காலில் ஏற்றப் பயந்தவர்களை அங்குள்ள பயிற்சியாளர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றப் பழக்கினார்கள். காலே இல்லாதவர் பழகிய பழக்கத்தால் நடந்தார் என்றால், புத்தம் புதிய மூட்டும் சொந்தத் தசையும் உள்ளவரிடம் அந்த வழியை ஏன் குறைவாக மதிக்கிறோம்?

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துக் கோணல் மாறாதவர்கள் உண்டு. அவர்கள் தேட வேண்டும், தேடுவதில் தவறில்லை. மூட்டுக்குள் மெல்லிய தொற்று இருக்கலாம், பொருத்திய பாகம் தளர்ந்திருக்கலாம், உள்ளே தழும்பு இறுகி முழங்கால் மடங்காமல் போயிருக்கலாம். கால் நீளம் உண்மையிலேயே மாறியிருக்கலாம், குறிப்பாக இடுப்பு மாற்றியவர்களுக்கு. முதுகெலும்பில் நரம்பு நெரிபட்டுத் தொடை வலுவிழந்திருக்கலாம். முழங்கால் வலி என்று நினைத்தது தேய்ந்த இடுப்பின் வலியாக இருக்கலாம். மற்ற முழங்காலும் தேய்ந்திருக்கலாம். அப்போது எந்தக் காலால் கோணுகிறார் என்பதே மாறிவிடும். இவை ஒவ்வொன்றையும் எக்ஸ்றே, இரத்தப் பரிசோதனை, அளவுநாடா, கைப்பரிசோதனை கொண்டு கண்டுபிடிக்கலாம். காய்ச்சல், புதிதாகக் கூடும் வீக்கம், காயத்தில் நீர் கசிவு, கெண்டைக்கால் வீங்கி நோவது இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். இந்தக் கதவுகளையெல்லாம் தட்டாமல் நேரே வாய்க்குள் போகிறவர், தொற்றும் தளர்வும் உள்ளே வளர இடம் கொடுக்கிறார். தாடைப் பேச்சை நான் இவ்வளவு கடுமையாக எதிர்ப்பதற்கு இதுவே முதற்காரணம்.

தாடையில் வலி உள்ளவர், வாய் திறக்கும்போது பூட்டிக்கொள்கிறவர், இரவில் பல்லை நெருமுகிறவர் தாடைக்காகவே தாடை மருத்துவரிடம் போகட்டும். மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு அதே நோய் தாடை மூட்டையும் முழங்காலையும் சேர்த்துத் தாக்கும். அவர்களுக்கு வேண்டியது வாத நோய் மருத்துவர்.

எங்கள் சங்கங்களிடமும் கோயில்களிடமும் ஒரு வேண்டுகோள். முழங்கால், இடுப்பு மாற்றியவர்களுக்கான பயிற்சிகளைப் படத்தோடு தமிழில் ஒரே தாளில் அச்சிடுங்கள். இங்கே படித்துக் கினேயாக வேலை செய்யும் எங்கள் பிள்ளைகளிடம் கொடுத்துச் சரிபாருங்கள். சத்திரசிகிச்சைத் திகதி கிடைத்தவரின் வீட்டில் பிரெஞ்சு தெரிந்த ஒருவர், மகனோ மகளோ பேத்தியோ, முதல் கினே அமர்வில் அறைக்குள்ளேயே இருக்கட்டும். கினே சொல்வதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்ய அவரிடம் அனுமதி கேளுங்கள். குதிக்காலுக்குக் கீழே துவாய், மறு கையில் தடி, தட்டில் மீன், நாளுக்கு மூன்று முறை பயிற்சி என்று குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டுங்கள். தாடைத் தகட்டுக்கு ஒதுக்கிய காசு இருந்தால், அம்மா பயமில்லாமல் குளிக்கக் குளியலறைச் சுவரில் பிடிகம்பி போடுங்கள்.